கரோல் கிங்கின் ‘டேப்பஸ்ட்ரி’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பத்தை யாருக்குக் கேட்கக் கொடுத்தாலும் அடுத்த வாரம் கேள்விகளோடு திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது யாருடைய ஆல்பம்? எப்போது வந்தது?

பாடியவர் அமெரிக்கப் பாடகி கரோல் கிங். பியானோ வாசித்ததும் மெட்டமைத்ததும் அவரே. ஓட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1971 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் அவருக்கு 29 வயது நிறைந்திருந்தது. மொத்தம் 12 பாடல்கள், இசைத்தட்டின் பக்கத்துக்கு ஆறு. முழுதும் கேட்க முக்கால் மணி நேரம் போதும்.

இதுதான் அவருடைய முதல் ஆல்பமா?

இல்லை, இரண்டாவது. 1970-இல் ‘ரைட்டர்’ என்ற தனி ஆல்பம் வந்தது. அதை அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதற்கும் முன்னால், 1968-இல், ‘தி சிட்டி’ என்ற மூவர் குழுவாக ஓர் ஆல்பம் செய்தார்கள். கரோல் கிங்கோடு கிதாருக்கு டேனி கோர்ச்மார், பாஸ் கிதாருக்கு சார்ல்ஸ் லார்க்கி. மேடை ஏறிப் பாட கரோலுக்கு இருந்த பயத்தால் அந்தக் குழு கச்சேரிப் பயணமே போகவில்லை. ஆல்பமும் அப்படியே அமுங்கிப் போனது.

‘ரைட்டர்’ மோசமான ஆல்பம் இல்லை, ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆனால் அதில் பாடுகிறவர் வாத்தியங்களுக்குள் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருப்பது போல இருக்கும். இரண்டாவது ஆல்பத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி நின்று அவருக்கு வழி விடுகின்றன.

29 வயதில் இரண்டாவது ஆல்பம் என்றால், அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?

மற்றவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் பத்து வருஷம்.

இயற்பெயர் கரோல் ஜோன் க்ளைன். நியூயார்க் நகரின் புரூக்ளினில் வளர்ந்தவர். குயின்ஸ் கல்லூரியில் படிக்கும்போது ஜெரி காஃபினைச் சந்தித்தார். 17 வயதில் கல்யாணம். அவர் வரி எழுதுவார், இவர் மெட்டுப் போடுவார். மன்ஹாட்டனில் 1650 பிராட்வே என்ற கட்டடத்தில் இருந்த ஆல்டன் மியூசிக் என்ற பதிப்பகத்துக்கு இருவரும் பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். பகலில் காஃபினுக்கு ரசாயனக் கூடத்தில் வேலை. 1960-இல் இருவரும் எழுதிய ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ பாட்டை ‘ஷிரெல்ஸ்’ என்ற பெண்கள் குழு பாடியது. 1961 ஜனவரியில் அது அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. காஃபின் வேலையை விட்டார்.

அப்புறம் வரிசையாக ஹிட் பாடல்கள். அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணைப் பாட வைத்த ‘தி லோகோ-மோஷன்’ 1962-இல் முதலிடம். அந்தப் பெண்தான் பின்னால் லிட்டில் ஈவா என்று அறியப்பட்டவர். 1967-இல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினுக்கு ‘எ நேச்சுரல் வுமன்’. நாடே முணுமுணுத்த பாடல்கள் இவருடையவை. இவர் முகத்தை மட்டும் யாருக்கும் தெரியாது.

1968-இல் மணமுறிவு. இரண்டு பெண் குழந்தைகளோடு நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய், லாரல் கேன்யன் மலைப்பகுதியில் குடியேறினார். ‘டேப்பஸ்ட்ரி’யைக் கேட்கும்போது இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் அடுத்தவர் வாய்க்காக எழுதியவர், இப்போது தன் வாயால் பாடிப் பார்க்கிறார்.

எங்கே பதிவு செய்தார்கள்?

ஹாலிவுட்டின் லா ப்ரேயா அவென்யூவில் இருந்த ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில், 1971 ஜனவரியில். சார்லி சாப்ளின் தன் படங்களுக்காகக் கட்டிய ஸ்டூடியோ வளாகம் அது. தயாரிப்பாளர் லூ ஆட்லர், ஒலிப்பதிவாளர் ஹாங்க் சிகாலோ. பதிவானது பி ஸ்டூடியோவில். அதே நாட்களில் அதே வளாகத்தில் பாடகி ஜோனி மிட்செல் தன் ‘புளூ’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் ஊரில் இன்னொரு ஸ்டூடியோவில் தன் அடுத்த ஆல்பத்தில் இருந்தார். மூவரும் ஒருவர் பதிவுக்கு ஒருவர் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

உடன் வாசித்தவர்களில் சிலர்: பாஸ் சார்ல்ஸ் லார்க்கி (இதற்குள் கரோலின் கணவர்), கிதார் டேனி கோர்ச்மார், டிரம்ஸ் ரஸ் கங்கெல், ஜோயல் ஓ’பிரையன், எலெக்ட்ரிக் பியானோ ரால்ஃப் ஷக்கெட், சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் கர்டிஸ் ஏமி. அவர் மனைவி மெர்ரி கிளேட்டன் பின்குரல் பாடியிருக்கிறார்.

இதை ஏன் ராக் என்கிறார்கள்? அதிரடியாக எதுவுமே இல்லையே?

அதனால்தான் சாஃப்ட் ராக். டிரம்ஸ், பாஸ், எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் ராக் குழுவில் இருப்பவைதான். ஆனால் அவை பாடுகிறவரை மீறி எழும்பாது. எழுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இந்த வகை வேர் பிடித்தது. அறுபதுகளின் முழக்கமும் கூட்டமும் ஓய்ந்து, பாடுகிறவர்கள் வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்த நேரம் அது.

முதல் பாட்டு ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’ மட்டும் விதிவிலக்கு. பியானோவின் கீழ்க்கட்டைகளை இடது கை குத்தும் வேகத்தில், சாஃப்ட் என்ற சொல்லே மறந்துபோகும்.

அவர் குரல் ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே? இதில் என்ன விசேஷம்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

ஆமாம், அரீதாவின் குரல் இல்லை இது. உயரத்தில் கொஞ்சம் கரகரக்கும், சில இடங்களில் மூச்சு போதாமல் வரி இறங்கும். புரூக்ளின் உச்சரிப்பு எட்டிப் பார்க்கும். ஆட்லர் அதையெல்லாம் மெழுகிப் பூசி மறைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பாட்டு எழுதுகிறவர்கள் பெரிய பாடகர்களிடம் பாட்டைக் கொண்டுபோகும்போது, தாங்களே பாடி வாசித்த மாதிரிப் பதிவு ஒன்றைக் கொடுப்பார்கள். டெமோ என்பார்கள். கரோல் கிங்கின் டெமோக்கள் அந்த வட்டாரத்தில் பேர் போனவை. ஆட்லருக்கும் அவை நன்றாகத் தெரியும். கேட்கிறவர் கண்ணை மூடினால் பியானோ முன்னால் கரோல் உட்கார்ந்து பாடுவது தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒலிக்கலவை முழுக்க அந்த எண்ணத்தில்தான் நடந்திருக்கிறது.

‘சோ ஃபார் அவே’ பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கேளுங்கள். பியானோ தனியாக ஆரம்பிக்கிறது. குரல் நுழையும்போது எதிரொலி ஏதும் இல்லை, ஒரு கை தூரத்தில் நின்று பேசுவது போல இருக்கும். ஜேம்ஸ் டெய்லரின் கிதார் அடக்கமாக வந்து சேர்கிறது. லார்க்கியின் பாஸ் பாட்டோடு சேர்ந்து தானும் ஏதோ முணுமுணுக்கிறது. ஒரே இடத்தில் யாருமே நிலைத்து இருப்பதில்லையா என்பதுதான் பாட்டின் கேள்வி. அதை ஒரு பெரிய குரல் கேட்டால் மேடை வசனமாகிவிடும். இந்தக் குரலில் கேட்கும்போது, ஊரை விட்டு வந்த ஒருத்தி சமையலறையில் நின்று கேட்பது போல இருக்கிறது. கடைசியில் கர்டிஸ் ஏமியின் புல்லாங்குழல் வந்து எதையும் முடித்து வைக்காமல் மெல்ல மறைகிறது.

அமெரிக்காவில் எத்தனையோ பெண்கள் இந்த ஆல்பத்தைத் தங்கள் சொந்தப் பேச்சாக எடுத்துக்கொண்டது இந்தக் குரலால்தான் என்பது என் எண்ணம். கூடவே பாட யாருக்கும் தயக்கம் வராத குரல் இது.

ஏற்கெனவே ஹிட்டான பழைய பாட்டுகளை ஏன் மறுபடி பாடினார்?

இரண்டு பாட்டுகள் அப்படி இருக்கின்றன: ‘வில் யூ லவ் மீ டுமாரோ’, ‘எ நேச்சுரல் வுமன்’. ஆல்பத்தின் நடு நரம்பே இவைதான் என்று சொல்வேன்.

முதல் பாட்டை ஷிரெல்ஸ் பாடிய பதிவு துள்ளலான தாளத்தில், வயலின்களோடு இருக்கும். இன்று இரவு நீ என்னை நேசிக்கிறாய், விடிந்தபிறகும் நேசிப்பாயா என்று ஓர் இளம்பெண் கேட்கிறாள். கரோல் அதை எழுதும்போது வயது 18. அதே பாட்டை ‘டேப்பஸ்ட்ரி’யில் பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டார். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறவர், கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அந்தக் கல்யாணம் முறிந்ததையும் பார்த்தவர். வரி ஒன்றும் மாறவில்லை. ஆனால் விடிந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள்.

‘எ நேச்சுரல் வுமன்’ பாட்டுக்குத் தலைப்பைக் கொடுத்தவர் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர், வரிகள் காஃபினுடையவை. அரீதாவின் பதிவு ஒரு தேவாலயமே எழுந்து நின்று பாடுவது போன்றது. அதோடு போட்டி போட முடியாது என்று கரோலுக்குத் தெரிந்திருக்கிறது, போட்டி போடவும் இல்லை. பியானோ, பாஸ், குரல், அவ்வளவுதான். ஆல்பம் இந்தப் பாட்டோடு முடிகிறது.

‘யூ’வ் காட் எ ஃப்ரெண்ட்’ ஜேம்ஸ் டெய்லருடைய பாட்டு இல்லையா?

எழுதியது கரோல் கிங். இருவருமே அதே 1971-இல் பதிவு செய்து வெளியிட்டார்கள். ‘ஃபயர் அண்ட் ரெயின்’ பாட்டில் டெய்லர் தனக்கு ஒரு நண்பரும் கிடைக்காத நேரங்களைப் பற்றிப் பாடியிருப்பார். அந்த வரிக்குப் பதிலாக வந்த பாட்டு இது என்று டெய்லர் பல முறை சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடூர் அரங்கில் இதைக் கேட்டவர், தானும் பாடலாமா என்று கேட்டார். தன் ஆல்பத்துக்கான பாட்டை முகம் கோணாமல் தூக்கிக் கொடுத்தார் கரோல். தனி இசைத்தட்டாக வந்து முதலிடம் போனது டெய்லரின் பதிவுதான்.

இசை தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘நீ சோர்ந்து கிடக்கும்போது’ என்று தொடங்கும் சரணம் மைனரில் நடக்கிறது, ‘என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு’ என்ற பல்லவி மேஜரில் திறக்கிறது. ஆறுதல் வார்த்தையாக வருவதற்கு முன்பே ஸ்வரமாக வந்துவிடுகிறது. கரோலின் பதிவில் டிரம்ஸே கிடையாது, பின்னணியில் நாலு நரம்பிசைக் கருவிகள் உண்டு.

எல்லா வரிகளையும் அவரே எழுதினாரா?

பாதிக்கு மேல் அவரே. மூன்று பாடல்கள் காஃபினோடு. இரண்டு பாடல்களுக்கு வரிகள் டோனி ஸ்டெர்ன் என்ற பெண் கவிஞர். அதில் ஒன்றுதான் ‘இட்ஸ் டூ லேட்’.

அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. உறவு முடிந்துவிட்டது, யார் மேலும் பழி இல்லை, நடிக்க இனி முடியாது, ஒருகாலத்தில் இருந்ததற்கு நன்றி என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்கிறாள். அதுவரை பாப் பாட்டில் பிரிவு என்றால் அழுகை அல்லது கெஞ்சல். இதில் விட்டுவிட்டுப் போகிறவள் பெண், அதுவும் குரல் உயர்த்தாமல். இரண்டே ஸ்வரக் கூட்டுகள் (chords) ஊஞ்சல் போல மாறி மாறி ஆட, நடுவில் கோர்ச்மாரின் கிதாரும் ஏமியின் சாக்ஸஃபோனும் மாறி மாறிப் பேசுகின்றன.

‘டேப்பஸ்ட்ரி’ என்றால் என்ன?

நூலாலேயே சித்திரம் நெய்த துணி. சுவரில் தொங்கவிடுவார்கள். ஆல்பத்தின் பெயர்ப் பாட்டில் தன் வாழ்க்கையையே அப்படி ஒரு துணியாகப் பார்க்கிறார். ஒரு வழிப்போக்கன் வருகிறான், தேரையாக மாறுகிறான், கடைசியில் அந்தத் துணியே பிரிந்து வருகிறது. விளங்காத கதை போல இருக்கும். தனியே பியானோவோடு பாடும் இந்தப் பாட்டு சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும்.

அட்டையில் இருக்கும் பூனை?

பெயர் டெலிமாகஸ். கரோலின் சொந்தப் பூனை, சொந்த வீடு, சொந்த ஜன்னல். புகைப்படம் ஜிம் மெக்ராரி. கரோல் ஜீன்ஸ் போட்டு, வெறுங்காலோடு, சுருள் முடியை வாராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கையில் அவரே தைத்த பூவேலைத் துணி. அறையின் வேறு மூலையில் தூங்கிக்கொண்டிருந்த பூனையைத் தலையணையோடு தூக்கி வந்து முன்னால் வைத்தவர் மெக்ராரிதான். சில படங்கள் எடுப்பதற்குள் அது இறங்கிப் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் விழ, மற்றதெல்லாம் பழுப்பு நிழல். ஒப்பனையும் விளக்கும் இல்லாமல் ஒரு பாடகி தன் வீட்டில் இருப்பது போலவே அட்டையில் வந்ததை அன்று கடையில் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்கும்.

எவ்வளவு பெரிய வெற்றி?

1971 ஜூன் 19 அன்று ஆல்பமும் ‘இட்ஸ் டூ லேட்’ தனித்தட்டும் ஒரே வாரத்தில் பில்போர்டு முதலிடத்தைப் பிடித்தன. தனித்தட்டு 5 வாரம், ஆல்பம் தொடர்ந்து 15 வாரம் அங்கேயே இருந்தது. பட்டியலை விட்டு முழுதாக இறங்க ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. உலகம் முழுக்க சுமார் 2.5 கோடி பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

1972 மார்ச்சில் நாலு கிராமி விருதுகள்: சிறந்த ஆல்பம், சிறந்த ஒலித்தட்டு, சிறந்த பாடல், சிறந்த பாப் பாடகி. பாடலுக்கான விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். விழாவுக்கு அவர் போகவில்லை. கைக்குழந்தையோடு கலிஃபோர்னியாவில் வீட்டில் இருந்தார். லூ ஆட்லர்தான் விருதுகளை வாங்கிக்கொண்டார்.

மேடைப் பயம் என்றீர்களே, அது போனதா?

போனது, அதற்கும் காரணம் டெய்லர்தான். 1970-இல் அவருடைய கச்சேரிகளில் கரோல் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். குயின்ஸ் கல்லூரியில் நடந்த கச்சேரியில், இன்று ‘அப் ஆன் தி ரூஃப்’ பாட்டை இவரே பாடுவார் என்று டெய்லர் அவரை முன்னால் தள்ளிவிட்டார். அவர் படித்த கல்லூரியே அது. அடுத்த வருஷம், 1971 ஜூன் 18 அன்று, கார்னகி ஹாலில் தன் சொந்தக் கச்சேரி. அந்தப் பதிவு 1996-இல் ஆல்பமாக வந்தது. பதற்றமும் சந்தோஷமும் கலந்து அவர் பேசுவதைக் கேட்கவாவது அதைத் தேடிப் பிடியுங்கள்.

‘டேப்பஸ்ட்ரி’ முழுவதையும் மேடையில் பாடியது மட்டும் ரொம்பத் தள்ளி, 2016 ஜூலை 3 அன்று லண்டன் ஹைட் பார்க்கில். அப்போது வயது 74.

பிடிக்காத பாட்டு ஏதாவது உண்டா?

‘ஸ்மாக்வாட்டர் ஜாக்’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை. துப்பாக்கி ஏந்திய ஒருவனின் கதையைத் துள்ளல் தாளத்தில் சொல்லும் பாட்டு. நல்ல வாசிப்புதான். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் பேச்சுக்கு நடுவில் தெருச்சண்டை நுழைந்தது போல இருக்கிறது.

‘வேர் யூ லீட்’ பற்றியும் கேட்கிறார்கள். நீ எங்கே கூப்பிட்டாலும் பின்னால் வருவேன் என்று பெண் பாடும் வரிகள் காலத்துக்கு ஒவ்வாதவை என்று கரோலே அதைப் பாடுவதை நிறுத்தி வைத்திருந்தார். 2000-இல் தாயும் மகளும் மையமாக உள்ள ‘கில்மோர் கேர்ள்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காகத் தன் மகள் லூயிஸ் காஃபினோடு சேர்ந்து பாடியபோது, பாட்டுக்கு வேறு உறவு கிடைத்துவிட்டது.

எந்தப் பதிப்பை வாங்கலாம்?

பாட்டு மட்டும் போதும் என்றால் எந்தப் பதிப்பும் சரி, ஒலிப்பதிவு அவ்வளவு தெளிவு. 2008-இல் வந்த இரண்டு தட்டுப் பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். இரண்டாவது தட்டில் 1973 முதல் 1976 வரை மேடைகளில் பியானோவும் குரலுமாக மட்டும் பாடிய பதிவுகள் இருக்கின்றன.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

‘வில் யூ லவ் மீ டுமாரோ’. இரவில், ஹெட்ஃபோனில். பின்னால் பாடும் இரண்டு குரல்கள் ஜேம்ஸ் டெய்லரும் ஜோனி மிட்செலும். அட்டையில் இருவரையும் ஒரு பையன்-பெண் பாடகர் குழு என்று குறிப்பிட்டிருப்பார்கள். கேள்வியைக் கரோல் கேட்டு முடிக்கும் இடத்தில் ஜோனியின் குரல் மேலே நூல் போல எழுந்து அவர் குரலோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளியே நிற்கும். அந்த இடத்தில் ஒலியைக் குறைக்காதீர்கள்.